டர்ன்டேபிளில் காந்தப்புல ஹம்மைக் குறைத்தல்

தம்புராவை ஆதாரமாகக் கொண்ட இசையைக் கேட்பவருக்கு, இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளில் எழும் ஹம் என்னும் விடாத ரீங்காரம் வெறும் பின்னணி இரைச்சல் அன்று. அது சுருதியோடு நேராக மோதுகிற ஓர் ஒலி. இரண்டு கட்டையில் பாடும் பாடகரின் ஆதார சட்ஜம் ஏறத்தாழ 147 ஹெர்ட்ஸ். நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ்; மோட்டார்களும் டிரான்ஸ்ஃபார்மர்களும் கசியவிடும் காந்தப்புலத்தில் அந்த 50 ஹெர்ட்ஸோடு அதன் மும்மடங்கான 150 ஹெர்ட்ஸும் கலந்தே இருக்கும். தம்புராவின் சட்ஜத் தந்திகளான சாரணியும் அனுசாரணியும் 147இல் நிற்க, பக்கத்திலேயே 150இல் ஒரு மெல்லிய ஒலி விடாமல் நீடித்தால், இரண்டும் சேர்ந்து நொடிக்கு மூன்று முறை ஏறி இறங்கும் விம்மலாகக் காதில் விழும். ஒரு கட்டைச் சுருதியாக இருந்தால் மந்தர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸில் அமைகிறது. பவர் சப்ளையிலிருந்து வரும் 100 ஹெர்ட்ஸ் அதைக் கெடுக்கும். டிரம்ஸும் பாஸ் கிட்டாரும் நிறைந்த இசையில் இவை மறைந்துவிடலாம். கொலம்பியா, எச்.எம்.வி. முத்திரைகளில் வந்த பழைய கர்நாடக இசைத்தட்டுகளில், ஆலாபனையின் இடைவெளிகளில், இவை மறைவதற்கு இடமே இல்லை. அதனால்தான் ஊசிக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவழிப்பதற்கு முன்பு ஹம்மை ஒழிப்பதற்கு நேரம் செலவிட வேண்டும் என்று நண்பர்களிடம் வற்புறுத்தி வருகிறேன்.

சிக்கலின் வேர், ஊசியின் அசைவை மின்னழுத்தமாக மாற்றும் கார்ட்ரிட்ஜ் தரும் மின்னழுத்தத்தின் சிறுமையில் இருக்கிறது. ஊசியோடு சேர்ந்து ஒரு சிறு காந்தம் அசைய, அதைச் சூழ்ந்த நுண்கம்பிச் சுருளில் மின்னழுத்தம் எழுவதே மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் வேலை செய்யும் விதம். 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் அது. அந்தச் சுருள் தன் காந்தத்தின் அசைவுக்கு எப்படி மசிகிறதோ அப்படியே அயலிலிருந்து வரும் மாறு காந்தப்புலத்துக்கும் மசியும். இவ்வகைக் கார்ட்ரிட்ஜ்கள் தருவது பொதுவாக 3 முதல் 5 மில்லிவோல்ட். காந்தம் நிற்க, சுருளே அசையும் மூவிங் காயில் வகையில் அது 0.2 முதல் 0.5 மில்லிவோல்ட் வரை இறங்கிவிடும். சி.டி. பிளேயர் ஒன்று 2 வோல்ட் தருகிறது என்பதை நினைத்தால், கார்ட்ரிட்ஜுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே உள்ள ஃபோனோ ப்ரீஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டியிருக்கிறது என்பது விளங்கும்: முதல் வகைக்கு 100 மடங்கு, இரண்டாம் வகைக்கு 1000 மடங்கு. இசையைப் பெருக்கும் அதே மடங்கில் ஹம்மும் பெருகுகிறது.

பெருக்கம் எல்லா அதிர்வெண்களுக்கும் சமமாக நடப்பதில்லை என்பது இதைவிட முக்கியம். இசைத்தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளை அடக்கியும் உயர்ந்த ஒலிகளைத் தூக்கியும் வெட்டுகிறார்கள். தாழ்ந்த ஒலிகளை அடக்காவிட்டால் பள்ளங்கள் அகலமாகிவிடும், தட்டில் நேரம் போதாது. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. வகுத்து 1954இல் நிலைபெற்ற வரைமுறைப்படி, கேட்கும்போது ப்ரீஆம்ப் அதை நேர்மாறாகச் சரிசெய்கிறது. இதன் விளைவாக, 1000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 50 ஹெர்ட்ஸ் ஏறத்தாழ 17 டெசிபல், அதாவது ஏழு மடங்கு, தூக்கப்படுகிறது. 150 ஹெர்ட்ஸ் 10 டெசிபலுக்குச் சற்று மேல், அதாவது மூன்றேகால் மடங்கு. இதைப் பார்த்து 150 ஹெர்ட்ஸ் பெரிய தொல்லை இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. தூண்டப்படும் மின்னழுத்தம் காந்தப்புலம் மாறும் வேகத்தைப் பொறுத்தது என்பதால், ஒரே வலிமையுள்ள புலம் 150 ஹெர்ட்ஸில் மூன்று மடங்கு மின்னழுத்தத்தைத் தரும். அதோடு நம் காதுகள் 50 ஹெர்ட்ஸை மந்தமாகவும் 150ஐ நன்றாகவும் கேட்கின்றன. அலமாரியில் வைக்கும் சிறு ஒலிபெருக்கிகளோ 50 ஹெர்ட்ஸைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகின்றன. ஆகவே காதில் ஹம் என்று விழுவது பெரும்பாலும் அந்த 150தான்.

எவ்வளவு குறைத்தால் போதும்? இசையின் இயல்பான மட்டத்துக்கு 70 டெசிபல் கீழே ஹம் இருந்தால் அமைதியான அறையில்கூட அது தொந்தரவு செய்யாது என்பது என் அளவுகோல். 5 மில்லிவோல்ட்டுக்கு 70 டெசிபல் கீழ் என்றால் ஏறத்தாழ 1.6 மைக்ரோவோல்ட், 50 ஹெர்ட்ஸ் பின்னால் ஏழு மடங்கு தூக்கப்படுவதால், கார்ட்ரிட்ஜில் அது கால் மைக்ரோவோல்ட்டுக்கும் கீழே இருந்தாக வேண்டும். ஒரு கணக்குக்காக, 1000 சுற்றும் 10 சதுர மில்லிமீட்டர் பரப்பும் கொண்ட சுருள் என்று வைத்துக்கொண்டால், அந்த அளவு மின்னழுத்தத்தை எழுப்ப 0.07 மைக்ரோடெஸ்லா வலிமையுள்ள காந்தப்புலம் போதும். தமிழ்நாட்டில் புவியின் காந்தப்புலமே 40 மைக்ரோடெஸ்லா அளவில் இருக்கிறது. ஆனால் அது மாறாமல் நிற்பதால் சுருளில் எதையும் எழுப்புவதில்லை. மாறிக்கொண்டே இருக்கும் புலம்தான் பகை. இயங்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிய இடத்தில் அப்படிப்பட்ட புலம் பல மைக்ரோடெஸ்லா இருப்பது சாதாரணம்.

அலுமினியத் தாளை எடுத்துச் சுற்றத் தொடங்குவதற்கு முன்பு, ஹம் காந்தப்புலத்தால் வருகிறதா, எர்த் இணைப்புச் சிக்கலால் வருகிறதா, ப்ரீஆம்பிலேயே பிறக்கிறதா என்பதைப் பிரித்தறிய வேண்டும். ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, டர்ன்டேபிளின் கம்பிகளை ப்ரீஆம்பிலிருந்து கழற்றி, உள்ளீட்டின் இரு முனைகளையும் நேராக இணைத்துவிடும் ஷார்ட்டிங் பிளக்கைச் செருகி, பிறகு ஒலியைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் ஹம் இருந்தால் டர்ன்டேபிள் குற்றமற்றது. மின்னணுச் சுருதிப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. அதை இரண்டு கட்டையில் வைத்து ஹம்மோடு ஒப்பிட்டால், சட்ஜத்துக்குச் சற்று மேலே ஒலிப்பது 150 ஹெர்ட்ஸ் என்றும், அதன் கீழ்ப் பஞ்சமத்தின் இடத்தை விட்டு விலகி மத்திமத்துக்கு அருகே ஒலிப்பது 100 ஹெர்ட்ஸ் என்றும் தெரிந்துகொள்ளலாம். 100 ஓங்கியிருந்தால் பவர் சப்ளையில் உள்ள ரெக்டிஃபையரையும் காய்ந்துபோன கெப்பாசிட்டரையும் சந்தேகிக்க வேண்டும். 50உம் 150உம் ஓங்கியிருந்தால் காந்தப்புலமோ எர்த் சுற்றோ காரணமாக இருக்கலாம். அந்த இரண்டையும் பிரிப்பது டோன் ஆர்மை அசைத்துப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன் ஆர்மை, ஊசி தட்டில் படாதபடி தூக்கிய நிலையில், மோட்டார் ஓடும்போது, வெளி விளிம்பிலிருந்து நடு அச்சை நோக்கி மெல்ல நகர்த்த வேண்டும். எர்த் சிக்கலால் வரும் ஹம் அப்போது மாறாது. காந்தப்புலத்தால் வருவது இடத்துக்கு இடம் ஏறும், இறங்கும். சில இடங்களில் அறவே மறையவும் கூடும். இடது வலதில் அளவு வேறுபட்டு ஒலிப்பதும் இதன் அடையாளம், ஏனென்றால் இரண்டு சுருள்களும் வெவ்வேறு கோணங்களில் சாய்ந்திருப்பதால் ஒரே புலத்தை இரண்டும் ஒரே அளவில் வாங்குவதில்லை. பிறகு மோட்டாரை நிறுத்திப் பார்க்க வேண்டும். நிறுத்தியதும் ஹம் போய்விட்டால் எதிரி சுழல்தட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. போகவில்லை என்றால் வெளியே தேட வேண்டும்.

வெளியே தேடும்போது நம் வீடுகளுக்கே உரிய சில பொருட்களை முதலில் பார்க்கச் சொல்வேன். வெளிநாட்டில் எழுதப்பட்ட கையேடுகள் இவற்றைப் பேசுவதில்லை. மின்வெட்டுக்காக வைத்திருக்கும் இன்வர்ட்டர் அவற்றில் முதன்மையானது: பெரும்பாலான பழைய வகைகளில் கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, மின்வெட்டு இல்லாத நேரத்திலும் பேட்டரிக்கு மின்னேற்றம் செய்தபடி அது புலத்தைக் கசியவிடுகிறது, மின்வெட்டில் சதுர அலை தரும் வகையாக இருந்தால் 150, 250 ஹெர்ட்ஸ் என்று ஒற்றைப்படை மடங்குகளை அள்ளி இறைக்கிறது. அடுத்தது குளிர்பதனப் பெட்டிக்கும் தொலைக்காட்சிக்கும் மாட்டியிருக்கும் ஸ்டெபிலைசர். மூன்றாவது, சுவருக்கு மறுபக்கம் இருக்கும் ஈ.பி. மீட்டரும் ஃபியூஸ் பலகையும். சுவர் மின்புலத்தை ஓரளவு தடுக்கலாம், தாழ்ந்த அதிர்வெண் காந்தப்புலத்துக்குச் செங்கல் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். சுவருக்குள் ஃபேஸ் கம்பி ஒரு வழியாகவும் நியூட்ரல் வேறொரு வழியாகவும் போயிருந்தால், இரண்டுக்கும் நடுவே உள்ள பரப்பு முழுவதும் ஒரு பெரிய சுருளாகிவிடுகிறது. மாடிப்படி விளக்கின் இருவழி சுவிட்ச் இணைப்புகளில் இப்படி நேர்வது உண்டு.

புலம் எங்கே வலுவாக இருக்கிறது என்று தேடுவதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. பயன்படாத ஒரு கார்ட்ரிட்ஜை நீண்ட முறுக்குக் கம்பியில் இணைத்து ப்ரீஆம்பில் செருகி, ஒலியைக் குறைவாக வைத்துக்கொண்டு, அறையெங்கும் நகர்த்திக் கேட்பதே மிகச் சரியான வழி, ஏனென்றால் நாம் காக்க விரும்பும் பொருளையே உளவுக்கு அனுப்புகிறோம். அது இல்லாதவர்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் பழைய ரிலே ஒன்றின் சுருளைக் கழற்றிப் பயன்படுத்தலாம். கைபேசியில் உள்ள காந்தமானியை நம்ப வேண்டாம். திசைகாட்டிக்காக அமைந்த அது நொடிக்கு எடுக்கும் அளவீடுகள் 50 ஹெர்ட்ஸைச் சரியாகக் காட்டுவதற்குப் போதாது.

மூலம் தெரிந்தபின் முதல் மருந்து தூரம். மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் போன்றவற்றின் கசிவுப் புலம், அவற்றின் அளவைவிடத் தள்ளிச் சென்றபின், தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது: 20 செ.மீ.யிலிருந்து 40 செ.மீ.க்கு நகர்த்தினால் எட்டில் ஒரு பங்கு, அதாவது 18 டெசிபல் குறைவு. எந்தக் கவசமும் இவ்வளவு மலிவாக இதைத் தருவதில்லை. ஆம்ப்ளிஃபையரின் மேல் டர்ன்டேபிளை அடுக்குவது நம் வரவேற்பறை அலமாரிகளில் எங்கும் காணப்படும் பழக்கம். ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மர் கார்ட்ரிட்ஜுக்கு நேர் கீழே வந்துவிடுவதால் அதைவிடக் கெட்ட இடம் வேறில்லை. ஆம்ப்ளிஃபையர் டர்ன்டேபிளின் இடப்பக்கத்தில், மோட்டாருக்கோ டோன் ஆர்முக்கோ அண்மையில் இல்லாமல், தள்ளி இருக்கட்டும். தள்ள இடமில்லை என்றால் திருப்பிப் பார்க்கலாம்: கசிவுப் புலத்துக்குத் திசை உண்டு, சுருளின் அச்சுக்குச் செங்குத்தாகப் புலம் அமையும் நிலையில் தூண்டல் மிகக் குறைந்துவிடும். வளைய வடிவிலான டோராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் மற்றவற்றைவிடக் குறைவாகக் கசிந்தாலும், அதன் கம்பிகள் வெளிவரும் பக்கத்தில் கசிவு கூடுதலாக இருக்கும். அதைத் திருகாணியைத் தளர்த்திச் சற்றே சுழற்றினால் நல்ல மாற்றம் தெரியும். E, I எழுத்து வடிவத் தகடுகளை அடுக்கிச் செய்த பழைய இ-ஐ வகை டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிச் செம்புப் பட்டையை வளையமாக மூடிப் பற்றவைப்பது, கசியும் புலத்தை எதிர்க்கும் ஒற்றைச் சுற்றாக வேலை செய்யும். வானொலிப் பெட்டிகளில் தொன்றுதொட்டு இருந்துவரும் உத்தி அது.

சுழல்தட்டுக்கு அடியில் உள்ள மோட்டார்தான் காரணம் என்றால் தூரம் கைகொடுக்காது. பெல்ட்டால் தட்டைச் சுழற்றும் பெல்ட் டிரைவ் கருவிகளில் பெரும்பாலும், மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு ஒத்துச் சுழலும் ஏ.சி. சின்க்ரனஸ் மோட்டார் இருக்கும். டோன் ஆர்ம் தட்டின் உட்பகுதிக்கு வரும்போது கார்ட்ரிட்ஜ் அந்த மோட்டாரை நெருங்குவதால், பாட்டு முடிவதற்குள் ஹம் ஏறிக்கொண்டே வரும். மோட்டார் தனிப்பெட்டியில் இருக்கும் கருவிகளில் அந்தப் பெட்டியைச் சுழற்றி ஹம் குறையும் கோணத்தைக் கண்டுபிடிக்கலாம். உள்ளே பொருத்தப்பட்டிருந்தால் கவசம் வேண்டும். பிளக்கைக் கழற்றாமல் அடிமூடியைத் திறக்கவே கூடாது. பல மோட்டார்களின் முனைகளில் 230 வோல்ட் நேராக நிற்கிறது.

கவசத்துக்கு என்ன பொருள் என்பதில்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். செம்புத் தாளும் அலுமினியத் தாளும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைத் தடுப்பதில்லை. அந்த அதிர்வெண்ணில் புலம் செம்புக்குள் கணிசமாகத் தணிவதற்கே 9 மில்லிமீட்டருக்கு மேலும் அலுமினியத்துக்குள் 12 மில்லிமீட்டர் அளவும் கனம் தேவை. சமையலறைத் தாள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மின்புலத்தால் வரும் கரகரப்பை அவை தடுக்கும், அது வேறு சிக்கல். காந்தப்புலத்தை மறிப்பதைவிட அதற்கு எளிதான மாற்றுப் பாதை அமைத்துத் தருவதே வழி. அதற்கு இரும்பு இனப் பொருள் வேண்டும். பால்பவுடர் வரும் டின், அலுமினியமாக இல்லாமல் காந்தம் ஒட்டும் தகரமாக இருந்தால், சோதனைக்கு அருமையான பொருள்: அளவாக வெட்டி மோட்டாரைச் சுற்றி வளைத்து, மேலே சுழலச்சு வெளிவரும் அளவு துளையோடு ஒரு வட்டத் தகடு வைத்துப் பார்த்தால், கவசம் பயன்தருமா என்பது ஒரு மாலைக்குள் தெரிந்துவிடும். பயன் தெரிந்தால் 1 மில்லிமீட்டர் மென்னிரும்புத் தகட்டில் நிலையான ஒன்றைப் பட்டறையில் செய்துகொள்ளலாம். என் கருவியில் மோட்டாருக்கு அப்படி ஓர் உறை போட்டதும், கடைசிப் பாட்டில் ஏறிவந்த ஹம் கேட்காத அளவுக்கு இறங்கியது. மோட்டார் சூடேறும் என்பதால் கீழ்ப்பக்கம் காற்றுப் போக வழி விடவேண்டும்.

இரும்புக்கு அடுத்த படி ம்யூ-மெட்டல். ஏறத்தாழ 80 விழுக்காடு நிக்கல் கொண்ட இந்தக் கலவையை 1923இல் லண்டனில் ஸ்மித், கார்னெட் என்னும் இருவர் கடலடித் தந்திக் கம்பிகளுக்காக உருவாக்கினார்கள். மென்னிரும்பைவிடப் பல மடங்கு எளிதாகப் புலத்தைத் தன்னுள் ஏற்கும் பொருள் இது. நல்ல கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றின் உறையும், மூவிங் காயிலின் மின்னழுத்தத்தை உயர்த்தும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர்களின் டப்பாவும் இதனால் ஆனவை. இரண்டு குணங்களை மறக்கக் கூடாது. ஹைட்ரஜன் சூழலில் சூடேற்றிப் பதப்படுத்தியபின்தான் இதற்கு அந்தத் திறன் வருகிறது; மடக்கினாலும் சுத்தியால் தட்டினாலும் கீழே போட்டாலும் திறன் குறைந்துவிடும். வலுவான புலத்தில் இது விரைவில் நிறைவடைந்து செயலற்றுப் போகும் என்பதும் உண்டு. எனவே மோட்டாரை ஒட்டி இரும்பு, அதற்கு வெளியே இடைவெளி விட்டு ம்யூ-மெட்டல் என்ற வரிசையே சரி. விலையைப் பார்த்தால், இரும்பும் தூரமும் தோற்ற இடத்தில் மட்டுமே இதை நாடலாம் என்பேன்.

கவசம் எப்போதும் மோட்டாருக்கு அருகில் இருக்க வேண்டும், கார்ட்ரிட்ஜுக்கு அருகில் அன்று. கார்ட்ரிட்ஜுக்குள்ளும் காந்தம் இருக்கிறது; அடியில் இரும்பு இருந்தால் அது கீழ்நோக்கி இழுக்கும், ஊசி தட்டின்மேல் அழுத்தும் எடை கூடும். சுவிட்சர்லாந்தின் தோரென்ஸ் நிறுவனம் 1957இல் வெளியிட்ட டி.டி. 124 டர்ன்டேபிள் இதற்குப் புகழ்பெற்ற சான்று. அதன் கனமான வார்ப்பிரும்புச் சுழல்தட்டு சீரான ஓட்டத்தைத் தந்தது, கீழிருந்து வரும் புலத்தையும் ஓரளவு மறித்தது. ஆனால் ஜப்பான் ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.க்காக 1960களில் உருவான டெனான் டி.எல். 103 போன்ற வலுவான காந்தம் கொண்ட மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ்களை அது இழுத்தது. பின்னாளில் அந்த நிறுவனமே காந்தத்தால் ஈர்க்கப்படாத உலோகக் கலவையில் சுழல்தட்டு செய்து தந்தது. அந்தக் காலத்தில் நம் வீடுகளில் இருந்த எச்.எம்.வி. ஃபியெஸ்டா போன்ற பெட்டிகளுக்கு இந்தக் கவலை எதுவும் இருக்கவில்லை. செராமிக் கார்ட்ரிட்ஜில் காந்தமும் இல்லை, சுருளும் இல்லை, அழுத்தத்தால் மின்னழுத்தம் எழுப்பும் செராமிக் துண்டுதான் உண்டு. அந்தப் பெட்டிகளில் ஹம் கேட்டதாக நினைவில்லை என்று பெரியவர்கள் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

கம்பிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டோன் ஆர்மின் முனையில் கார்ட்ரிட்ஜைப் பொருத்தும் ஹெட்ஷெல்லிலிருந்து வரும் வெள்ளையும் நீலமும் இடதுக்கு, சிவப்பும் பச்சையும் வலதுக்கு. ஒவ்வோர் இணையும் தமக்குள் முறுக்கிச் சென்றால் இரண்டுக்கும் நடுவே உள்ள பரப்பு சுருங்கி, தூண்டலும் சுருங்கும். வெளிக் கம்பிகள் மின்கம்பிகளோடு இணையாகப் போகாமல், கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். இடது வலதுக் கம்பிகள் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டியே ப்ரீஆம்ப் வரை போக வேண்டும். அகலப் பிரிந்தால் அவற்றின் உறைகள் சேர்ந்து ஒரு வளையமாகிப் புலத்தை வாங்கும். டர்ன்டேபிளின் தனி எர்த் கம்பியை ப்ரீஆம்பின் எர்த் திருகில் மட்டும் இணைக்க வேண்டும். ஹம்மைப் போக்க ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் மூன்றாம் முனையை வெட்டிவிடும் வழக்கம் உயிருக்கே ஆபத்தானது. எவர் சொன்னாலும் செய்ய வேண்டாம். பழைய கச்சேரித் தட்டுகளில் பல மோனோ என்பதால், ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அதை அழுத்திப் பார்ப்பது நல்லது: சில கார்ட்ரிட்ஜ்களில் இரண்டு சுருள்களிலும் ஹம் எதிரெதிராக எழுவதால், சேர்க்கும்போது அதன் பெரும்பகுதி தானே அழிந்துவிடும்.

கவசம் பொருத்தியபின் ஊசியின் எடையைத் தட்டு இருக்கும் உயரத்திலேயே அளந்து பார்க்க வேண்டும். மலிவான மின்னணு எடைமானிகள் சிலவற்றில் காந்தம் ஈர்க்கும் எஃகுப் பாகங்கள் இருப்பதால், மூவிங் காயில் கார்ட்ரிட்ஜை வைத்ததும் அவை பொய்யான எடையைக் காட்டும். ஊசி படும் தகட்டில் காந்தம் ஒட்டாத எடைமானியே வேண்டும். விளிம்பில் ஓர் அளவும் நடு அச்சுக்கு அருகில் ஓர் அளவும் எடுத்து, இரண்டும் ஒத்திருந்தால் கவசத்தை நிலையாகப் பொருத்தலாம். உட்பக்கத்தில் எடை கூடியிருந்தால், கவசத்தின் மேல்தகட்டை இன்னும் தாழ்வாக அமைத்து மறுபடி அளக்க வேண்டும்.